மகன் அலறும்போது எனக்கே கை நடுங்குகிறது, நான் எப்படி நிதானமாக இருப்பது?

தமிழக எல்லையை ஒட்டிய கேரளப் பகுதியான வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 14 வயது, ஆட்டிசம், பேச்சு சில சொற்கள்தான். ஒரு சாயங்காலம் கொழிஞ்சாம்பாறை பஸ் நிலையத்தில் காதைப் பொத்திக்கொண்டு அலறத் தொடங்கியவன் தன் கையைக் கடித்திருக்கிறான். தடுக்கப் போன அம்மாவின் கையையும் கடித்துவிட்டான். சுற்றிலும் கூட்டம். "எனக்கும் கை கால் நடுங்கி, நானும் கத்தி, கடைசியில ஒரு அறையும் விட்டுட்டேனுங்க. அம்மா அமைதியா இருந்தா பையன் அமைதியாயிருவான்னு எல்லாரும் சொல்றாங்க. அந்த நேரத்துல எப்படிங்க அமைதியா இருக்கிறது? இனி பஸ்ஸில கூட்டிட்டே போகக் கூடாதா?" என்று முடித்திருக்கிறார்.

மகனை அடக்க வழி சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. அந்தப் பத்து இருபது நிமிடம் உங்கள் உடம்பை என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: என் பதட்டம்தான் அவனை இப்படி ஆக்குகிறதா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. பஸ் நிலையத்தில் அவன் காதைப் பொத்தியபோது நீங்கள் இன்னும் பதறவே தொடங்கவில்லை.

நான் சிறப்புக் கல்வி ஆசிரியை. பொள்ளாச்சிப் பக்கமும் எல்லை தாண்டி கேரளத்தின் சித்தூர் தாலுக்காவிலும் பல வருடங்களாக ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடும் அவர்கள் குடும்பங்களோடும் வேலை செய்கிறேன். டாக்டர் இல்லை, உங்கள் மகனை நேரில் பார்த்ததும் இல்லை. அதனால் பொதுவாகப் பொருந்துவதைச் சொல்கிறேன். உங்கள் பையனுக்கு எது ஒத்துவரும் என்பதை அவனோடு பழகியவர்கள்தான் சலித்தெடுக்க வேண்டும்.

நடந்ததை மெல்ட்டவுன் என்கிறோம். வெளியே பார்க்க அடம்பிடிப்பது போலவே இருக்கும், உள்ளே நடப்பது வேறு. அடம்பிடிக்கிற பிள்ளைக்கு ஏதோ ஒன்று வேண்டும். கடைக்கண்ணால் உங்களைப் பார்த்துக்கொண்டே அழும், கேட்டது கிடைத்தால் நிறுத்தும். மெல்ட்டவுனில் கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது, யாரும் பார்க்காவிட்டாலும் நிற்காது. தாங்க முடியாத அளவு சத்தமோ வெளிச்சமோ கூட்டமோ திட்ட மாற்றமோ சேர்ந்து, உடம்பு ஆபத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. 2013இல் வந்த டி.எஸ்.எம். 5 என்ற மனநல வகைப்பாட்டு நூல் ஆட்டிசத்துக்கான அளவுகோலிலேயே ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதைச் சேர்த்தது. பஸ் நிலையத்தில் ஏர் ஹாரன் நமக்கு எரிச்சல். சில பிள்ளைகளுக்கு அது வலி. அறையோ மிரட்டலோ அங்கே எதையும் கற்றுக்கொடுப்பதில்லை, கற்றுக்கொள்ளும் நிலையில் அவன் இல்லை. நீங்கள் விட்ட அந்த ஒரு அறைக்காக மாதக்கணக்கில் உங்களை வாட்டிக்கொள்ளவும் வேண்டாம். அவனுக்கு மட்டுமில்லை, அந்த நேரத்தில் உங்களுக்கும் உடம்பு எல்லை தாண்டிவிட்டது.

இனி "அம்மா அமைதியானால் பிள்ளையும் அமைதியாவான்" என்ற பேச்சுக்கு வருகிறேன். இதில் பாதிதான் உறுதி. உங்களிடமிருந்து ஒரு சாந்தம் கிளம்பி அவன் நரம்புக்குள் இறங்கிவிடும் என்று நரம்பு மண்டலத்தைப் பற்றிய பெரிய பெரிய கொள்கைகளை வைத்துப் பேசுவார்கள். அந்தக் கொள்கைகளில் சில இன்னும் விஞ்ஞானிகளிடையே சண்டையில்தான் இருக்கின்றன. உறுதியாகச் சொல்லக்கூடியது இதைவிடச் சிறியது: உங்கள் குரல் உயர்ந்தால் அவனுக்கு இன்னொரு சத்தம் கூடுகிறது. நீங்கள் வேகமாக நெருங்கினால் இன்னொரு ஆபத்து கூடுகிறது. ஐந்து கேள்வி கேட்டால் தாங்க முடியாத தலைக்குள் இன்னும் ஐந்து சேர்கிறது. ஆக, நீங்கள் அவனுக்கு அமைதியை ஊட்டத் தேவையில்லை, பாரத்தைக் கூட்டாமல் இருந்தால் போதும். உள்ளே நெஞ்சு படபடக்கலாம், கோபம்கூட வரலாம். அவன் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவது மெதுவாக இருந்தால் உங்கள் வேலை நடந்துவிட்டது. மனதை அடக்கச் சொன்னால் யாராலும் முடியாது, கையைத் தொங்கவிடச் சொன்னால் முடியும். என்னிடம் வரும் பெற்றோரிடம் இதைத்தான் மறுபடி மறுபடி சொல்கிறேன்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியதில் முதலாவது மூச்சு. மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்று மெதுவாகும், இழுக்கும்போது வேகமாகும். இது உடலியல், இதில் சந்தேகம் இல்லை. அதனால் இழுப்பதைவிட விடுவதை நீளமாக வையுங்கள். நாலு எண்ணும்வரை இழுத்து ஆறோ ஏழோ எண்ணும்வரை விட்டால் போதும். அவனைப் பார்த்து "மூச்சு விடு, மூச்சு விடு" என்று சொல்லாதீர்கள், அது இன்னொரு கட்டளை. நீங்கள் மட்டும் செய்யுங்கள். பல்லைக் கடித்திருந்தால் தளர்த்துங்கள், தூக்கிய தோளை இறக்குங்கள், இரு பாதத்தையும் தரையில் அழுத்தி நில்லுங்கள். ஓட வேண்டும் என்ற துடிப்பைக் கால் வழியாக இறக்கிவிட இது உதவுகிறது என்று பல தாய்மார் சொல்கிறார்கள். இதற்கு ஆய்வுச் சான்று கேட்டால் என்னிடம் இல்லை, செலவோ கெடுதலோ இல்லாததால் சொல்கிறேன்.

இரண்டாவது, மனதுக்குள் ஒரு வாக்கியம். "என்னைக் கடிக்கிறான், எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குறான்" என்று ஓடும் வாக்கியத்தின் இடத்தில் "அவனுக்கு முடியல" என்று வையுங்கள். பிள்ளை வேண்டுமென்றே செய்கிறான் என்று நம்புகிறவருக்குக் கோபம் அதிகம் வருகிறது என்பது பராமரிப்பவர்களைப் பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி வரும் முடிவு, எல்லா ஆய்விலும் ஒரே அளவில் வரவில்லை என்பதும் உண்மை. என் அனுபவத்தில் இந்த ஒரு வாக்கியம் பெரிய பெரிய பயிற்சிகளைவிட வேலை செய்கிறது. வீட்டில் சும்மா இருக்கும்போதே சொல்லிச் சொல்லி வாயில் ஊறியிருக்க வேண்டும், அலறலுக்கு நடுவே புதிதாக யோசித்து வராது.

பிறகு பேச்சைக் குறையுங்கள். உச்சத்தில் இருக்கும்போது சொற்களைப் புரிந்துகொள்வது பலருக்கும் சரிந்துவிடுகிறது. வளர்ந்த ஆட்டிசக்காரர்கள் பலர், "காதில் விழும், பதில் சொல்ல முடியாது" என்றும் "சத்தமாக மட்டும்தான் கேட்கும், சொல்லாகக் கேட்காது" என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு சின்ன வாக்கியம், ஒரே குரலில்: "அம்மா இருக்கேன் கண்ணு." பிறகு மௌனம். "என்னைப் பாரு" என்று முகத்தைத் திருப்பாதீர்கள். நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில், ஒன்றரைக் கை தூரத்தில் நில்லுங்கள், இடமிருந்தால் உட்கார்ந்துவிடுங்கள். உங்கள் உள்ளங்கை அவனுக்குத் தெரியட்டும். சில பிள்ளைகளுக்கு இறுக்கி அணைத்தால் இறங்கும், சில பிள்ளைகளுக்குத் தொட்டாலே இன்னும் ஏறும். உங்கள் பையன் எந்த ரகம் என்பதை அவன் நன்றாக இருக்கும் ஒரு நாளில் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும், பஸ் நிலையத்தில் சோதித்துப் பார்க்கக் கூடாது.

எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். பட்ஸ் பள்ளியில் (கேரளத்தில் உள்ளாட்சிகள் நடத்தும் சிறப்புப் பள்ளி) டீச்சர் "இரி" என்பார், வீட்டில் "உக்காரு" என்கிறோம். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசப் பிள்ளைக்குப் பேச்சு கெட்டுவிடும், தமிழை விட்டுவிடுங்கள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இதுவரை நடந்த ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. தமிழை விட வேண்டாம். ஆனால் மெல்ட்டவுன் நேரத்துக்கு மட்டும் இரு இடத்திலும் ஒரே சைகை இருக்கட்டும். உட்காரக் கையைக் கீழே தாழ்த்துவதோ, அமைதியான இடத்தின் படம் போட்ட ஒரு அட்டையோ, எது என்று டீச்சரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

கடிக்கும் பிரச்சினைக்கு வருகிறேன். பல் பதிந்ததும் கையை வெடுக்கென்று இழுப்பது இயல்பு, ஆனால் இழுத்தால்தான் தோல் கிழிகிறது. பராமரிப்பாளர் பயிற்சிகளில், கையை வாயை நோக்கி மெதுவாக உள்ளே கொடுக்கச் சொல்வார்கள், தாடை தளரும்போது எடுத்துவிடலாம். முடியைப் பிடித்தால் அவன் கையின் மேல் உங்கள் கையை வைத்துத் தலையோடு சேர்த்து அழுத்திக்கொள்ளுங்கள், இழுவை நின்றுவிடும். படித்ததை வைத்து மட்டும் செய்யாமல் யாராவது தெரிந்தவரிடம் ஒருமுறை செய்து பார்த்துப் பழகுவது நல்லது. தோல் கிழிந்த கடி என்றால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி அன்றே டாக்டரைப் பாருங்கள், மனிதக் கடியில் கிருமி தொற்றும் வாய்ப்பு அதிகம். தலையை மோதினால் தலையைப் பிடிக்கப் போகாமல் சுவருக்கும் தலைக்கும் நடுவே தலையணையோ மடித்த போர்வையோ கொடுங்கள். ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் யாரையும் செய்ய விடாதீர்கள்: பையனைக் குப்புறத் தள்ளி முதுகில் உட்காருவதோ மார்பை அழுத்துவதோ கூடாது. அப்படிப் பிடித்ததில் மூச்சு நின்று உயிர் போனதுண்டு. உதவுகிறேன் என்று நாலு ஆண்கள் ஓடிவருவது இந்த வயதுப் பையன்களுக்குத்தான் அதிகம் நடக்கிறது.

கூட்டத்தைச் சமாளிக்க முன்கூட்டியே ஒரு வாக்கியம் தயாராக இருக்கட்டும். அங்கே "எந்து பற்றி?" (என்ன ஆச்சு?) என்று பத்துப் பேர் கேட்பார்கள். "மோனு ஓட்டிஸமாணு, கொறச்சு மாறி நிக்காமோ?" என்று மலையாளத்திலும், "ஆட்டிசமுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சரியாயிரும்" என்று தமிழிலும் ஒரே அட்டையில் இரண்டு பக்கமும் எழுதி லேமினேட் செய்து பையில் வையுங்கள். வாய் வராத நேரத்தில் நீட்டினால் போதும். மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பற்றிக் கவலைப்படாதே என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். ஊர்க்காரர் மத்தியில் வாழ்கிறவருக்கு அது வெற்று உபதேசம். அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தால் பாதிப்பேர் நகர்ந்துவிடுவார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். மந்திரித்துக் கயிறு கட்டலாம் என்று மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வாதத்தில் நீங்கள் ஜெயிக்கத் தேவையில்லை. கயிறு கட்டினால் கட்டட்டும், அதற்காக அடிக்கவோ புகை போடவோ பட்டினி போடவோ மட்டும் விடாதீர்கள். மெல்ட்டவுன் நேரத்தில் சின்னவளைக் கூட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போவதும் வாசல் கதவைச் சாத்துவதும் மாமியாரின் பொறுப்பு என்று ஒப்படைத்துவிடுங்கள். கதவு முக்கியம். பதற்றத்தில் ஓடும் பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் மேல் ஈர்ப்பு உண்டு, வீட்டை விட்டு ஓடும் ஆட்டிசப் பிள்ளைகள் உயிரிழக்கும் காரணங்களில் மூழ்குதல் முன்னால் நிற்கிறது. கிணறும் குளமும் கால்வாயும் உள்ள உங்கள் பக்கத்தில் பையன் ஓடிவிட்டால் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓடுங்கள், மற்ற இடம் பிறகு. பேசுவது ஒருவர் மட்டும். உங்களுக்குக் கட்டுமீறுகிறது என்று தெரிந்தால் கணவரிடம் கையை மாற்றிவிட ஒரு சைகை பேசி வைத்திருங்கள், அவர் காரணம் கேட்காமல் வந்து நிற்க வேண்டும். வீட்டில் வேறு யாரும் இல்லையென்றால், பையனுக்கு அடிபடும் பொருள்களை நகர்த்திவிட்டு, அவன் கண்ணில் படும் தூரத்தில் கதவோரம் நின்று உங்கள் மூச்சை எண்ணுங்கள்.

அடங்கிய பிறகுதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அழுகை நின்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்து "ஏன்டா இப்படிப் பண்ணின, சாரி சொல்லு" என்று தொடங்கினால் மறுபடி ஏறிவிடும். அடுப்பை அணைத்தாலும் தோசைக்கல் சூடு இறங்க நேரமாகும் இல்லையா, உடம்பும் அப்படித்தான். அரை மணியோ ஒரு மணியோ அதற்கு மேலும்கூட ஆகலாம். தண்ணீர், மங்கிய வெளிச்சம், அவனுக்குப் பிடித்த பழைய துணி, இவ்வளவு போதும். பலர் தூங்கிவிடுவார்கள். சிலருக்கு நடந்தது சரியாக நினைவிருக்காது, சிலருக்கு வெட்கம் மிகுந்திருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் அழுதால் அழுங்கள், டீ போட்டுக் குடியுங்கள்.

மறுநாள் ஒரு நோட்டை எடுத்து, முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். என்ன சாப்பிட்டான், தூங்கினானா, மலம் போனதா, எங்கே என்ன சத்தம். மெல்ட்டவுன் திடீரென்று வந்ததாகத் தோன்றும், எழுதத் தொடங்கினால் பெரும்பாலும் முன்னறிகுறி தென்படும்: விரல் சொடுக்குவது வேகமாகும், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வான், காது சிவக்கும். நிதானத்துக்கான உண்மையான வாய்ப்பு அங்கேதான். உச்சத்தில் ஞானி கூட நடுங்குவார், முன்னறிகுறியில் சாதாரண ஆள் சமாளிக்கலாம். திடீரென்று சில வாரங்களாக மெல்ட்டவுன் கூடிவிட்டது என்றால் பல் வலி, காதுவலி, மலச்சிக்கல், வயிற்றெரிச்சல், வலிப்பு ஆகியவற்றை டாக்டரிடம் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சு குறைந்த பிள்ளை வலியைச் சொல்லும் வழி பல நேரம் இதுதான். ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதும் நிச்சயமான செய்தி.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்லிவிட வேண்டும். தாய்மாருக்கு மைண்ட்ஃபுல்னஸ் என்ற மனதை ஒருமுகப்படுத்தும் பயிற்சி கொடுத்தால் பிள்ளையின் ஆவேசம் குறைகிறது என்று 2006இல் உளவியலாளர் நிர்பய் சிங் குழுவினர் காட்டினார்கள். நல்ல முடிவு, ஆனால் அதில் இருந்தது மூன்றே தாய்மார். அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் ஊக்கம் தருகின்றன, பந்தயம் கட்டும் அளவுக்கு இல்லை. உங்களுக்குத் தியானம் பிடித்தால் செய்யுங்கள், செய்யவில்லை என்று குற்ற உணர்வு வேண்டாம். கனமான போர்வையை ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். தூக்கத்துக்கு அது உதவவில்லை என்று 2014இல் வந்த ஒரு முறையான சோதனை காட்டியது. சில பிள்ளைகளுக்கு அதன் பாரம் பிடிக்கிறது, அவ்வளவுதான். காதை மூடும் மஃப் பஸ் நிலையத்துக்கும் செண்டைமேளத்துக்கும் கோயிலில் போடும் கதினா வெடிக்கும் கட்டாயம் எடுத்துப் போங்கள். ஆனால் நாள் முழுக்க மாட்டிவிட்டால் சாதாரணச் சத்தமும் உறைக்கத் தொடங்கும் என்று கேட்பியல் நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள்.

மருந்து பற்றி உங்கள் உறவினர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆட்டிசத்தோடு வரும் கடும் எரிச்சலுக்கும் தாக்குதலுக்கும் ரிஸ்பெரிடோன் 2006இலும் அரிப்பிப்ரசோல் 2009இலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி பெற்றன. இவை ஆட்டிசத்தை மாற்றும் மருந்துகள் கிடையாது. எடை கூடும், தூக்கம் வரும். குழந்தை மனநல மருத்துவர் பார்த்து, எடையும் ரத்தமும் கவனித்துத் தர வேண்டியவை. யாருக்கோ எழுதிய மாத்திரையையோ தூக்கத்துக்கு என்று சளி சிரப்பையோ கொடுக்காதீர்கள். இதற்கு மேல் நான் பேசுவது என் எல்லையைத் தாண்டியது.

சில தகவல்கள், கேட்காவிட்டாலும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் தனி வகையாக இருக்கிறது. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்தால் அது நாடு முழுவதும் செல்லும், நாளை நீங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சிக்குக் குடிபோனாலும் சிக்கல் இல்லை. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை செலவைப் பார்க்கிறது. உங்களுக்கே தாங்க முடியாத இரவில் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் பேசலாம், தமிழிலும் மலையாளத்திலும் ஆள் உண்டு. அதைப் பையனுக்கான எண்ணாக மட்டும் நினைக்காதீர்கள். அவசர ஆபத்துக்கு 112.

பஸ்ஸைப் பொறுத்தவரை, நிறுத்த வேண்டாம், சுருக்குங்கள். கூட்டமில்லாத காலை நேர வண்டியில், முன்வாசலுக்குப் பக்கத்து ஜன்னல் இருக்கையில், இரண்டு ஸ்டாப் தூரம் மட்டும் போய் இறங்குங்கள். நிலையத்துக்குள் நின்று காத்திருக்காமல் அதற்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே ஏறினால் ஹாரனும் அறிவிப்பும் தப்பும். மஃப், தண்ணீர், அந்த அட்டை, மாற்றுச் சட்டை எல்லாம் ஒரே பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும். கண்டக்டரிடம் ஏறும்போதே சொல்லி வையுங்கள், கேட்ட இடத்தில் நிறுத்தித் தரச் சொல்லுங்கள். முன்னறிகுறி வந்தால் டிக்கெட் காசைப் பார்க்காமல் இறங்கிவிடுங்கள். இரண்டு ஸ்டாப் சில தடவை சுமுகமாகப் போன பிறகு மூன்றாவது ஸ்டாப்பைச் சேர்க்கலாம்.